கண்ணாடி போட்டவர்கள் வானத்திலிருந்து குதிக்கலாமா?



போன மாதம் அறிவியல் வகுப்பில் டீச்சர் 'இயக்கம்' பாடம் நடத்தினாங்க. தானே விழும் பொருள் பற்றிச் சொல்லும்போது தன் போனில் ஒரு வீடியோ காட்டினாங்க. ஒரு பெண் விமானத்திலிருந்து குதிக்கிறார். காற்றில் அவருடைய கன்னம் இரண்டும் துணி மாதிரி படபடன்னு ஆடுது. வகுப்பே சிரித்தது. நான் மட்டும் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடி ஒரு பெரிய கண்ணாடி, தலையைச் சுற்றிப் பட்டை போட்டுக் கட்டியிருந்தது.

நான் எழுந்து, "டீச்சர், என்னை மாதிரி பவர் கண்ணாடி போட்டவங்க இந்த மாதிரி குதிக்கலாமா?" என்று கேட்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், "முதல்ல உன் கண்ணாடி குதிக்கும், அப்புறம்தான் நீ குதிப்பே!" என்றது. மறுபடி எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சரும் சிரித்துவிட்டு, "நல்ல கேள்விதான். நீயே பதிலைக் கண்டுபிடிச்சு சுவரிதழ்ல எழுது" என்று சொல்லிவிட்டாங்க. நான் படித்தும், டீச்சரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எவ்வளவு வேகம்?

இந்த விளையாட்டுக்கு 'ஸ்கைடைவிங்' என்று பெயர். பெரும்பாலும் சுமார் 13,000 அடி, அதாவது 4,000 மீட்டர் உயரத்தில் விமானத்திலிருந்து குதிப்பார்கள். குதித்தவுடன் வேகம் கூடிக்கொண்டே போகும். ஆனால் கீழே வரும் வரைக்கும் கூடிக்கொண்டே போகாது. வேகம் கூடக் கூடக் காற்றின் தடையும் கூடும். ஒரு கட்டத்தில் உடல் எடையும் காற்றின் தடையும் சமமாகிவிடும். அதற்குமேல் வேகம் கூடாது. இதைத்தான் 'முற்றுத் திசைவேகம்' என்கிறார்கள். வயிறு கீழே இருக்கிற மாதிரி கை காலை விரித்து விழுபவருக்கு இது மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர். குதித்து பத்துப் பன்னிரண்டு நொடியிலேயே இந்த வேகம் வந்துவிடும். ஏறக்குறைய ஒரு நிமிடம் இப்படி விழுந்த பிறகுதான் பாராசூட்டை விரிப்பார்கள்.

200 கிலோமீட்டர் என்றால் எப்படி இருக்கும்? நாம் பைக்கில் பின்னால் உட்கார்ந்து 50 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே கண்ணில் தண்ணீர் வரும். இது அதைப்போல நாலு மடங்கு வேகம். அப்போ காற்றின் அழுத்தமும் நாலு மடங்கா? இல்லை! காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4 x 4 = 16. மேலே காற்று கொஞ்சம் அடர்த்தி குறைவு என்பதால் சற்றே குறையலாம். ஆனாலும் பைக்கில் அடிக்கிற காற்றைவிடப் பத்து மடங்குக்கும் மேல்தான்.

கண்ணுக்கு என்ன ஆகும்?

நம் கண்ணின் மேல் எப்போதும் கண்ணீர் ஒரு மெல்லிய படலமாக இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குதான் அதன் தடிமன். நாம் கண் சிமிட்டும்போது இமைதான் இதைச் சமமாகத் தடவிவிடுகிறது. வேகமான காற்று பட்டால் இது உடனே காய்ந்துவிடும். கண் எரியும். உடனே கண் நிறையக் கண்ணீரைச் சுரக்கும். அப்போது எல்லாம் மங்கலாகிவிடும். இமையும் காற்றில் படபடன்னு அடித்துக்கொள்ளும். கண்ணைத் திறந்து வைத்திருப்பதே கஷ்டம்.

"ஒரு நிமிஷம்தானே, கண்ணை மூடிக்கிட்டா போச்சு" என்று என் தம்பி சொன்னான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஸ்கைடைவர் அந்த ஒரு நிமிடத்தில்தான் பார்க்க வேண்டியது நிறைய இருக்கு. கையில் கட்டியிருக்கும் உயரமானியைப் பார்க்கணும். பக்கத்தில் விழுந்துகொண்டிருப்பவர் மேல் மோதாமல் பார்க்கணும். பாராசூட் விரிந்ததும் அது சரியாக விரிந்ததா, கயிறு முறுக்கிக்கொண்டதா என்று அண்ணாந்து பார்க்கணும்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 200 கிலோமீட்டர் என்பது நொடிக்கு சுமார் 55 மீட்டர். 5 நொடி கண் தெரியவில்லை என்றால் 55 x 5 = 275 மீட்டர் கீழே போய்விடுவார். நம் ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி 15 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 18 தொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம்! வெறும் 5 நொடியில்! குறிப்பிட்ட உயரத்துக்கு வந்தும் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் தானாகவே மாற்றுப் பாராசூட்டை விரிக்கும் ஒரு கருவி உண்டு. ஆனால் அது கடைசி நேரத்துக்குத்தான். அதை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

எப்படிப்பட்ட கண்ணாடி வேண்டும்?

(1) உடையாத பொருள்: சாதாரணக் கண்ணாடியில் செய்த லென்ஸ் கூடவே கூடாது. இடிபட்டால் சில்லு சில்லாக உடைந்து கண்ணிலேயே குத்தும். 'பாலிகார்பனேட்' என்ற ஒரு வகைப் பிளாஸ்டிக்தான் நல்லது. அடித்தாலும் சுலபத்தில் உடையாது, எடையும் குறைவு. பாட்டு கேட்கிற சி.டி. தட்டு இதில் செய்ததுதான். 1969-இல் நிலவில் நடந்தவர்களின் தலையைச் சுற்றி உருண்டையாக இருந்ததும் பாலிகார்பனேட்தான். இதற்கு ஒரே குறை, சீக்கிரம் கீறல் விழும். அதனால் கீறல் விழாத பூச்சு உள்ளதாக வாங்க வேண்டும். தூசியோடு தாவணியில் துடைக்கக் கூடாது. தண்ணீரில் கழுவிவிட்டு மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

(2) முகத்தோடு ஒட்ட வேண்டும்: விழும்போது காற்று கீழேயிருந்து மேலே அடிக்கும். கன்னத்துப் பக்கம் ஒரு சின்ன இடைவெளி இருந்தால் போதும், அதன் வழியே காற்று புகுந்து கண்ணாடியைத் தூக்கிவிடும். அதனால் ஓரம் முழுக்க ரப்பரோ ஸ்பாஞ்சோ வைத்து முகத்தோடு பொருந்த வேண்டும். சின்ன முகத்துக்குப் பெரிய கண்ணாடி சரிப்படாது. போட்டுக்கொண்டு தலையை ஆட்டிப் பார்க்கணும், குனிந்து பார்க்கணும், வாயைத் திறந்து மூடிப் பார்க்கணும். அசையாமல் இருந்தால் சரி. எலாஸ்டிக் பட்டை பழசாகித் தொளதொளன்னு ஆகியிருந்தால் மாற்றிவிட வேண்டும்.

(3) ஆவி படியக் கூடாது: மேலே போகப் போகக் குளிர் அதிகம். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். தரையில் 34 டிகிரி என்றால் 4 கிலோமீட்டர் உயரத்தில் சுமார் 8 டிகிரிதான்! ஐஸ் தண்ணீர் டம்ளருக்கு வெளியே வியர்க்கும் இல்லையா? அதே மாதிரி குளிர்ந்த லென்ஸில் நம் சூடான மூச்சும் வியர்வையும் பட்டால் புகை மாதிரி படியும். இதற்காக ஓரத்தில் சின்னச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். உள்பக்கம் ஆவி படியாத பூச்சும் பூசுவார்கள். விமானம் ஏறும்போதே மாட்டிக்கொள்ளாமல், குதிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் கண்ணுக்கு இறக்கிக்கொள்பவர்களும் உண்டு.

(4) நிறம்: கூலிங் கிளாஸ் மாதிரி கறுப்பாக இருந்தால் ஸ்டைலாக இருக்கும்தான்! ஆனால் மேகம் மூடினாலோ பொழுது சாய்ந்தாலோ இருட்டடிக்கும். புதிதாகக் குதிப்பவர்களுக்கு நிறமில்லாத கண்ணாடிதான் நல்லது. அப்போதுதான் சொல்லிக்கொடுப்பவரும் அவர் கண்ணைப் பார்த்து, பயப்படுகிறாரா, கவனமாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள முடியும். 'போலராய்டு' வகைக் கண்ணாடி போட்டால் எண்கள் ஓடுகிற டிஜிட்டல் உயரமானி சில கோணத்தில் கறுப்பாகத் தெரியும். எண்ணைப் படிக்க முடியாமல் போகும். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர்களும் கூடும். ஆனால் பாலிகார்பனேட் நிறமே இல்லாமல் இருந்தாலும் அவற்றை நன்றாகத் தடுத்துவிடும்.

(5) பக்கவாட்டுப் பார்வை: சாலையைக் கடக்கும்போது ஓரக்கண்ணால் வண்டி வருவது தெரிகிறதல்லவா? வானத்திலும் அது வேண்டும். ஓரம் தடிமனாக இருந்து பக்கத்தை மறைக்கிற கண்ணாடி வேண்டாம்.

நீச்சல் கண்ணாடி போடலாமா?

இதை என் தோழி கேட்டாள். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கு. ஆனால் நீச்சல் கண்ணாடி காற்றுக்கூடப் புகாமல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் அறுபது சதவீதம்தான். அங்கே அதை மாட்டிக்கொண்டால் உள்ளே அடைபடுவது அந்தக் குறைந்த அழுத்தக் காற்றுதான். கீழே வர வர வெளியே அழுத்தம் கூடும், உள்ளே கூடாது. அப்போது அது கண்ணைச் சுற்றி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். துளையும் இல்லாததால் ஆவியும் படியும். ஆகவே அது குளத்துக்கு மட்டும்தான், வானத்துக்கு இல்லை.

பவர் கண்ணாடி போட்டவர்களுக்கு வழி என்ன?

என் கேள்விக்கு வருகிறேன். குதிக்கலாம்! அதற்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி: நம் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொள்கிற பெரிய காப்புக் கண்ணாடி. இதுதான் சுலபமானது. உள்ளே போடும் கண்ணாடி சின்ன பிரேமாக, பிளாஸ்டிக் லென்ஸாக இருக்க வேண்டும். அதன் காம்புகளைத் தலைக்குப் பின்னால் ஒரு பட்டையால் கட்டிக்கொள்ள வேண்டும். அகலமான பிரேம் என்றால் மேலே உள்ளது முகத்தோடு பொருந்தாது.

இரண்டாவது வழி: காப்புக் கண்ணாடியிலேயே நம் பவரில் லென்ஸ் போட்டு வாங்குவது. விலை கூடுதல், ஆனால் அடிக்கடி குதிப்பவர்களுக்கு வசதி.

மூன்றாவது வழி: கண்ணுக்குள்ளே வைக்கும் காண்டாக்ட் லென்ஸ். அதற்கு மேலும் காப்புக் கண்ணாடி கட்டாயம். இடைவெளியில் காற்று புகுந்தால் லென்ஸ் காய்ந்துவிடும், பறந்தும் போய்விடலாம். வைப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

முகம் முழுவதும் மூடும் தலைக்கவசமும் உண்டு. சிலர் அதற்குள்ளேயே தங்கள் சின்னக் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார்கள்.

முக்கியமான ஒன்று. கண்ணில் சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்களும், மிக அதிகப் பவர் உள்ளவர்களும், விழித்திரையில் கோளாறு உள்ளவர்களும் முதலில் கண் டாக்டரிடம் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பாதி வழியில் கண்ணாடி கழன்றுவிட்டால்? பதறக் கூடாது. அதைப் பிடிக்கக் கையை வீசினால் உடல் புரண்டுவிடும். கண்ணைக் கோடு மாதிரி சுருக்கிக்கொண்டு உயரமானியைப் பார்த்து, பாராசூட்டை விரித்துவிட வேண்டும். விரிந்த பிறகு காற்றின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும், கண்ணைத் தாராளமாகத் திறக்கலாம்.

உங்களுக்குத் தெரியுமா?

* 1797-இல் பிரான்சின் பாரிஸ் நகரில் ஆந்த்ரே ழாக் கார்னரின் என்பவர் பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கினார். இரண்டே வருடத்தில், 1799-இல், ழான் லாப்ரோஸ் என்ற பெண்ணும் இறங்கிவிட்டார். பாராசூட்டில் இறங்கிய முதல் பெண் அவர்தான்.

* 2002-இல் ரேச்சல் தாமஸ் வட துருவத்தில் 7,000 அடி உயரத்திலிருந்து குதித்தார். அங்கே குதித்த முதல் இந்தியப் பெண் இவர். 2005-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

* 2004-இல் புனேயைச் சேர்ந்த ஷீத்தல் மகாஜன் அதே வட துருவத்தில் குதித்தார். அது அவர் வாழ்க்கையிலேயே முதல் குதிப்பு! குளிர் மைனஸ் 37 டிகிரி. 2018-இல் தாய்லாந்தில் ஒன்பது கஜம் புடவை கட்டிக்கொண்டும் குதித்தார்.

* 2012 அக்டோபர் 14-இல் ஆஸ்திரியா நாட்டு பெலிக்ஸ் பாம்கார்ட்னர் அமெரிக்காவில் சுமார் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். ஒலியைவிட வேகமாக விழுந்தார். ஆனால் பலூனில் மேலே போகும்போது அவருடைய முகக்கவசத்தைச் சூடாக்கும் கருவி சரியாக வேலை செய்யவில்லை. மூச்சு விடும்போதெல்லாம் ஆவி படிந்தது. குதிப்பதையே நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். அவ்வளவு பெரிய விஞ்ஞானிகள் குழுவுக்கே கண்ணுக்கு முன்னால் படிந்த ஆவிதான் பெரிய கவலை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கடைசியாக ஒன்று

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு ஒரு விஷயம் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. நம் பள்ளியில் கண் பரிசோதனை முகாம் நடந்தபோது எங்கள் வகுப்பில் நாலு பெண்களுக்குக் கண்ணாடி கொடுத்தாங்க. இன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு வருவது இரண்டு பேர்தான். மற்ற இரண்டு கண்ணாடியும் புத்தகப் பையில் தூங்குது. ஏன் என்று கேட்டேன். ஒருத்தி, "நாலு கண்ணுன்னு கூப்பிடுறாங்கடி" என்றாள். இன்னொருத்தி, "பொம்பளைப் புள்ளை கண்ணாடி போட்டா நாளைக்கு எவன் கட்டுவான்னு ஆத்தா திட்டுது" என்றாள்.

அவர்களைக் குறை சொல்லவில்லை. ஏழாம் வகுப்பில் நானும் மூன்று மாதம் கண்ணாடியை ஒளித்து வைத்திருந்தேன். கரும்பலகையில் 8 இருந்தால் 3 என்று எழுதினேன். கணக்கில் மார்க் குறைந்தது. படிக்காத பிள்ளை என்று வீட்டில் திட்டு வாங்கினேன். ஒருநாள் பஸ்ஸின் பெயர்ப் பலகை தெரியாமல் தப்பான பஸ்ஸில் ஏறி, அழுதுகொண்டே திரும்பி வந்தேன். அன்றைக்கு அப்பா திட்டவில்லை. "உன் கண்ணு உனக்கு வேணுமா, ஊரான் பேச்சு வேணுமா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாளிலிருந்து போட ஆரம்பித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

யோசித்துப் பாருங்கள். வானத்திலிருந்து குதிக்கும் வீரர்கள் எல்லாரும், கண் நன்றாகத் தெரிந்தாலும்கூட, ஏதோ ஒரு கண்ணாடி போட்டுத்தான் குதிக்கிறார்கள். அவர்களை யாராவது நாலு கண்ணு என்று கேலி செய்கிறார்களா? அங்கே கண்ணாடி போடாதவரைத்தான் குதிக்க விடமாட்டார்கள். கண்ணாடி ஊனம் இல்லை, அது ஒரு கருவி. உயரமானி மாதிரி, பாராசூட் மாதிரி.

நம்மில் எத்தனை பேர் விமானத்திலிருந்து குதிப்போமோ தெரியாது. ஆனால் பைக்கில் போகிறோம், கதிர் அடிக்கும் இடத்தில் நிற்கிறோம், வெல்டிங் பட்டறை வாசலில் வேடிக்கை பார்க்கிறோம். தூசியும் பூச்சியும் தீப்பொறியும் அங்கேயும் கண்ணைத் தேடித்தான் வருகின்றன. எந்த வேலைக்கு எந்தக் கண்ணாடி என்று தெரிந்து போட்டுக்கொள்வோம். பையில் தூங்கும் இரண்டு கண்ணாடிகளும் நாளைக்கு முகத்துக்கு வரட்டும். தோழிகளே, உங்கள் பக்கத்தில் நான் உட்காருகிறேன். யாராவது கூப்பிட்டால் எட்டுக் கண்ணாகத் திரும்பிப் பார்ப்போம்!

கடைசி பெஞ்சு நண்பருக்கு என் பதில்: கண்ணாடி முதலில் குதிக்காது. பட்டையைச் சரியாகக் கட்டினால் நானும் என் கண்ணாடியும் சேர்ந்தேதான் குதிப்போம்!

இந்த வாரக் கேள்வி: ஒருவர் நொடிக்கு 55 மீட்டர் வேகத்தில் விழுகிறார். 8 நொடிகளில் எத்தனை மீட்டர் இறங்குவார்? அது நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டி (15 மீட்டர்) எத்தனைக்குச் சமம்? விடையைத் தாளில் எழுதி அறிவியல் டீச்சரிடம் கொடுக்கவும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி